ஆலைகள் கண்ட ஆழ்வார்குறிச்சியார்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன், சுந்தரபாண்டியபுரம்

சென்னை அண்ணா சாலையில் பெரியார் சிலை அருகே இறங்க விரும்புவோர் நடத்துநரிடம் சிம்சன் என்றுதான் சீட்டுக் கேட்பார்கள். வேலை தேடிச் சென்னை சென்ற நம் பக்கத்து இளைஞர்கள் பலர் அந்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தி, அதனைச் சுற்றிப் பல ஆலைகளை எழுப்பிய மனிதர் நம் தென்காசிச் சீமையைச் சேர்ந்தவர் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் சென்ற ஆண்டு வரை தெரியாது. அம்மாமனிதரின் வாழ்க்கையை, அவர் செய்வித்த பொருள்களின் வழியாகவே இங்குக் கூற முற்படுகிறேன். அவர்தாம் எஸ். அனந்தராமகிருஷ்ணன்.

அவர் பிறந்தது 1905-ஆம் ஆண்டு, ஆழ்வார்குறிச்சியில். அன்று அது நெல்லை மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து அங்குப் போக வேண்டுமானால் தென்காசியில் ஒருமுறை பேருந்து மாறவேண்டும், அவ்வளவே. மேற்குமலை நிழலில், கடனாநதிப் பாய்ச்சலில், நெல் விளையும் ஊர். அருகிலேயே சிவசைலம், அங்கே சிவசைலநாதரும் பரமகல்யாணி அம்மையும் கோயில் கொண்டுள்ளனர். பின்னாளில் அவர் தம் மூத்த மகனுக்குச் சிவசைலம் என்று பெயர் வைத்தார் என்றால், சென்னையில் எவ்வளவு உயர்ந்தபோதும் ஊரை விடவில்லை என்று கொள்ளலாம்.

அவர் எஞ்சினியர் அல்லர். கணக்கும் தணிக்கையும் அவருடைய துறை. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் இக்கட்டுரை முழுவதும் பிஸ்டனும் பேரிங்கும் கிராங்க்கும் வரப்போகின்றன. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1920-களில் நம் கிராமங்களிலிருந்து மேற்படிப்புக்குப் பட்டணம் போனவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து போனார்கள் என்பது நாம் அறிந்ததே. அனந்தராமகிருஷ்ணனுக்குத் திறந்த கதவு அதே காலத்தில் எங்கள் தாத்தாவுக்குத் திறக்கவில்லை. அப்பா வாடகை டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். ஆகவே ஏழைச் சிறுவன் ஒருவன் உழைப்பினாலேயே கோபுரம் ஏறினான் என்று வழக்கமாக எழுதும் கதையை நான் எழுதப்போவதில்லை. கதவு திறந்தபின் அவர் உள்ளே போய் என்ன செய்தார் என்பதே எனக்கு வியப்பளிப்பது.

சிம்சன் கம்பெனி 1840-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. குதிரை வண்டிகள் செய்து தருவது அதன் தொழில். 1903-இல் அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் காரொன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அதுவே என்பர். ஆயினும் கூண்டு கட்டுவதும், வெளிநாட்டு வண்டிகளை வாங்கி விற்பதுமே கம்பெனியின் பெரும்பங்கு வேலையாயிருந்தது. வண்டியின் உயிராகிய எஞ்சின் கப்பலில்தான் வரும். அதன் ஒரு வளையம் உடைந்தாலும் மாற்று வளையம் கப்பலில்தான் வரவேண்டும்.

இந்த நிறுவனத்தில் 1930-களில் அனந்தராமகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். வெள்ளையர்கள் மேலே அமர்ந்து இந்தியர்கள் கீழே பேரேடு எழுதிய காலம் அது. பேரேட்டின் வழியாகவே அவர் மேலேறினார். 1938-இல் அமால்கமேஷன்ஸ் என்ற தாய்க்கம்பெனி உருவாயிற்று. நாடு விடுதலை பெறும் முன்னரே சிம்சனின் கடிவாளம் இந்தியர் கைக்கு வந்துவிட்டது. ஆங்கிலேயர் மூட்டை கட்டியபோது பலர் அவர்களுடைய கம்பெனிகளை வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் வாங்கி விற்கும் வியாபாரத்தையே தொடர்ந்தார்கள். இவர் அங்கே நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு அக்காலச் சூழ்நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் இல்லை. பஸ்களின் பின்னால் அடுப்பைக் கட்டிக் கரிவாயுவில் ஓட்டினார்கள். அந்த வாயுவோடு சேர்ந்து போகும் சாம்பல் தூள் சிலிண்டரையும் வளையங்களையும் அரம்போல் அராவும். மாற்றுவதற்கோ உதிரிப்பாகம் இல்லை. போர் முடிந்து சுதந்திரமும் வந்தபின், அந்நியச் செலாவணிப் பஞ்சம் வந்தது. 1953-இல் சுங்கவரிக் குழு, வண்டிகளை வெறுமனே பூட்டி விற்காமல் படிப்படியாக இங்கேயே செய்யவேண்டும் எனக் கூறியபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் இந்தியாவைவிட்டே போய்விட்டன. ஆனால் அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே, 1949-இல், சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் என்னும் ஆலையை அனந்தராமகிருஷ்ணன் நிறுவிவிட்டார். பிஸ்டன், அதன் பின், வளையம், லைனர் இவைதாம் அங்குச் செய்யப்பட்ட பொருள்கள். முழுக் காரைச் செய்து தம் பெயரைப் பொறித்துக்கொள்ளும் ஆசை ஒரு தொழிலதிபருக்கு எளிதில் வரும். வெளியே தெரியாமல் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் பாகத்தைச் செய்யவேண்டும் என்று ஒரு கணக்கருக்குத் தோன்றியதே, அதுதான் என்னைக் கவர்ந்தது. எது அடிக்கடி தேய்கிறது, எதற்காக ஆண்டுதோறும் பணம் கடல் கடந்து போகிறது என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டிக்கொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

நண்பர்களே, பிஸ்டன் செய்வது ஒரு குவளை வார்ப்பது போன்றதன்று. நாம் முதலாண்டில் படித்த எளிய இசையியக்கத்தைச் சற்று நினைவுகூருங்கள். சிம்சன் ஆலையில் 1950-களில் பெர்க்கின்ஸ் உரிமத்தின் பேரில் செய்யப்பட்ட பி 6 டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், விட்டம் மூன்றரை அங்குலம், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் ஐந்து அங்குலம். நிமிடத்திற்கு 2,400 சுற்று என்று வைத்துக்கொண்டால் கோணத் திசைவேகம் வினாடிக்கு ஏறத்தாழ 251 ரேடியன். அதன் வர்க்கத்தை வீச்சாகிய 0.0635 மீட்டரால் பெருக்கினால், உச்சியில் பிஸ்டனின் முடுக்கம் 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் நானூறு மடங்கு! ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டன், அந்த நொடியில் நானூறு கிலோவாக மாறிக் கனெக்டிங் ராடைப் பிடித்து இழுக்கிறது. ராடின் நீளம் முடிவுள்ளதாகையால் உண்மையில் உச்சியில் இன்னும் அதிகம். இவ்வாறு வினாடிக்கு 80 முறை பிஸ்டன் நின்று திரும்புகிறது. இதே எஞ்சினை இருமடங்கு வேகத்தில் சுழற்றினால் இழுவிசை இருமடங்காகாது. வர்க்கமாதலால் நான்கு மடங்காகும். வேகமாகச் சுழலும் எஞ்சினைச் செய்வதன் தொல்லையெல்லாம் இந்த ஒரு வர்க்கக் குறியில் அடங்கியிருக்கிறது.

எனவே பிஸ்டன் இலேசாயிருக்கவேண்டும். வார்ப்பிரும்பை விட்டு அலுமினியத்திற்கு வந்தது அதனால்தான். ஆனால் அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல் இருமடங்கு விரியும். 89 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூய அலுமினிய வட்டு 200 டிகிரி சூடேறினால் 0.4 மில்லிமீட்டர் விரிகிறது என்று நானே கணக்கிட்டுப் பார்த்தேன். சிலிண்டர் அந்த அளவு விரியாது. இடைவெளி குறைவாக வைத்தால் பிஸ்டன் இறுகிப்போகும். மிகுதியாக வைத்தால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் தட்டும். இதற்காக அலுமினியத்தோடு சிலிக்கனைக் கலக்கிறார்கள், ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. விரிவு குறைகிறது, தேய்மானமும் குறைகிறது. அதோடு நில்லாமல் பிஸ்டனைச் சரியான உருளையாகக் கடையாமல், தலையில் சிறுத்தும் அடியில் சற்றுப் பருத்தும், குறுக்கே மிக நுண்ணிய நீள்வட்டமாகவும் கடைகிறார்கள். குளிர்ந்த நிலையில் கோணலாயிருப்பது, சூடேறி உழைக்கும்போது வட்டமாகிறது. பட்டறையில் பிஸ்டனைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கும்போது இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாது; மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும்.

வளையத்தின் கதை இன்னும் நுட்பமானது. அது எரிவாயுவின் அழுத்தத்தால் தன் காடியின் அடிப்பக்கத்தில் ஒட்டி நின்று வாயுவைத் தடுக்கிறது. வேகம் ஏற ஏற, அதன் சொந்த நிலைமமே அதைக் காடியிலிருந்து தூக்கிவிடும், வளையம் படபடக்கும், வாயு கீழே இறங்கும், எண்ணெய் மேலே ஏறும். புகை தள்ளுகிறது, ஆயில் தின்கிறது என்று டிரைவர்கள் சொல்வதில் ஒரு பகுதி இதுதான். ஆகவே வேகமான எஞ்சினுக்கு மெல்லிய, இலேசான வளையம் வேண்டும். டீசலில் மேல்வளையம் அடிக்கிற அடியில் அலுமினியக் காடியே அகன்றுவிடும். அதற்கு இரும்பு வளையமொன்றைக் காடிக்குள் வைத்துச் சேர்த்து வார்க்கும் முறையும் வந்தது. இத்தனையையும் அந்நிய நாட்டிலிருந்து கற்று, செம்பியம், பெரம்பூர் பகுதித் தொழிலாளர்களின் கைகளில் பழக்கியதுதான் 1949-க்குப் பிறகு நடந்தது. ஆலைகளின் வரலாற்றில் அதிபர் பெயர் மட்டுமே எழுதப்படுகிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கடைந்த அந்தக் கைகளின் பெயர்கள் எந்த மலரிலும் அச்சேறியதாக நான் காணவில்லை.

பெர்க்கின்ஸ் என்ற பெயரையும் சற்று விளக்கவேண்டும். டீசல் எஞ்சின் என்றால் பெருத்த, மெல்லச் சுழல்கிற, ஆலைக்கும் கப்பலுக்கும் ஏற்ற பொருள் என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்தது. 1932-இல் இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸும் சார்லஸ் சாப்மன் என்ற பொறியாளரும் சேர்ந்து, வேகமாகச் சுழலும் சிறு டீசலைச் செய்யத் தொடங்கினர். 1935-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தடத்தில் அவர்களுடைய எஞ்சின் பொருத்திய கார் டீசலுக்கான ஆறு உலக வேகப் பதிவுகளை ஏற்படுத்தியது. பெட்ரோல் லாரியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டும்படியாக டீசலைச் சுருக்கியதே அவர்களுடைய சாதனை. அனந்தராமகிருஷ்ணன் தேர்ந்தெடுத்தது இந்த வேக டீசலையே. பழைய டாட்ஜ், ஃபார்கோ லாரிகளை ஓட்டிய முதியவர் எவரையேனும் கேளுங்கள். பி 6 என்றதும் முகம் மலரும்.

எஞ்சினைச் செய்யத் தொடங்கியதும், அதன் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போகவேண்டியதாயிற்று. கிராங்க் சாஃப்ட் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 2,400 சுற்றில் ஓடினால் 11,52,000 முறை வளைந்து நிமிர்கிறது. ஒரே அடியில் உடையாத எஃகு, கோடி முறை வளைக்கப்பட்டால் களைத்து உடையும். தண்டும் கன்னமும் சேரும் மூலையில் ஒரு சிறு கீறல் போதும், விரிசல் அங்கிருந்து புறப்படும். அதனால் அந்த மூலையை வழவழப்பான வளைவாகத் தேய்க்கிறார்கள். இரும்பை வெட்டிச் செதுக்காமல், பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அச்சில் அடித்து, உலோகத்தின் இழைகள் வளைவோடு வளைந்து ஓடும்படி செய்கிறார்கள். மரத்தச்சர் இழையோட்டம் பார்த்துக் கலப்பைக்குக் கட்டை தேர்ந்தெடுப்பதும் இதே அறிவுதான். இந்த அடிவேலைக்காக 1960 வாக்கில் ஷார்ட்லோ இந்தியா தோன்றியது. 1961-இல் பைமெட்டல் பேரிங்ஸ் தோன்றியது. முன்பெல்லாம் ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, சுரண்டிச் சுரண்டி, மை தடவிப் பார்த்துப் பேரிங் பொருத்துவார்கள். தேர்ந்த மிஸ்திரிக்கே நாட்கணக்கில் வேலை. மெல்லிய எஃகுத் தகட்டின்மேல் வேறு உலோகத்தை ஒட்டிச் செய்த ஓட்டுப் பேரிங் வந்தபின், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும் என்றாயிற்று. வேக எஞ்சினின் சுமையை ஒயிட் மெட்டலைவிட அதிகம் தாங்கும் கலவைகளும் இம்முறையில் கைகூடின. கிராமத்துச் சாலையோரப் பட்டறையிலும் எஞ்சின் வேலை பார்க்கலாம் என்ற நிலை இதனால்தான் வந்தது என்பேன்.

1960-இல் டஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது; மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் செம்பியத்திலிருந்து வெளிவரலாயின. எங்கள் ஊர் வயல்களுக்கு அவர் கை வந்து தொட்டது இந்த வழியில்தான். சூரியகாந்தி பூக்கும் மாதங்களில் படம்பிடிக்க வருகிறவர்கள் பூவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த நிலத்தை உழுத சிவப்பு டிராக்டரையும் அதனுள் இருக்கும் சிம்சன் எஞ்சினையும் யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்திருக்கிறேன். சுரண்டைச் சாலையில் ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தபோது, அப்பாவுக்குத் துணையாக இரண்டு நாள் இருந்தேன். மிஸ்திரி நான்கு பிஸ்டன்களையும் நான்கு ராடுகளையும் தராசில் வைத்து எடை பார்த்துத்தான் பூட்டினார். ஒன்றுக்கொன்று எடை மாறினால் வேகத்தில் அதிரும் என்பது அவருக்கு வர்க்கக் கணக்கு இல்லாமலே தெரிந்திருந்தது. கவர்னர் திருகைத் தொடக்கூடாது என்று அப்பாவிடம் கண்டித்துச் சொன்னார். டிரெய்லர் இழுக்கும்போது இன்னும் வேகம் வேண்டுமென்று சிலர் அதைத் திருகிவிடுகிறார்கள். உள்ளிருக்கும் பிஸ்டனும் ராடும் போல்ட்டும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒருநாள் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பாதி ஆண்டு வாடகை வருமானம் அதோடு போகும். குற்றாலம் சீசனில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பைக்கில் சீறிப் பாயும் நம் நண்பர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். வேகம் ஏற்ற விரும்புகிறவன் முதலில் பார்க்கவேண்டியது சத்தத்தையன்று. வால்வு ஸ்பிரிங், ராடு போல்ட், பேரிங், எண்ணெய் பம்பு இவற்றை. பந்தயத்திற்கு எஞ்சின் ஆயத்தம் செய்கிறவர்கள் அடித்து உருவாக்கிய பிஸ்டன் போட்டு, உறுப்புகளை எடை சமப்படுத்தி, வால்வு தன் இருக்கைக்குத் திரும்பத் தவறாதபடி கடினமான ஸ்பிரிங் வைத்து, அதன் பிறகே சுற்றைக் கூட்டுகிறார்கள்.

அனந்தராமகிருஷ்ணனின் மற்ற முயற்சிகளைச் சுருக்கமாகவே கூறுகிறேன். அடிசன் கம்பெனி, ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, மெயில் நாளிதழ், தேயிலைத் தோட்டங்கள் என அவருடைய குழுமம் பல திசையில் பரந்தது. மெயில் 1981-இல் நின்றுவிட்டது, ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது. இவற்றை வாங்கியவர் என்று சொல்லலாமேயன்றி உருவாக்கியவர் என்று சொல்ல முடியாது. பிஸ்டனும் பேரிங்கும் கிராங்க்கும் டிராக்டரும் அவ்வாறல்ல. அவை அவர் தொடங்கியதால் தோன்றியவை. சென்னையைச் சுற்றி வாகனத் தொழில் பெருகியதற்கு அடுத்தடுத்து வந்த பெரிய கார்க் கம்பெனிகளையே இன்று காரணமாகச் சொல்கிறார்கள். உதிரிப்பாகம் செய்யத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன என்பதை நாம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இயற்பியல் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். உறவினர் சிலர், கணக்குப்பிள்ளை படிப்புப் படித்திருந்தால் உடனே சோறு என்கிறார்கள். கணக்குப் படித்தவர் ஒருவர்தாம் பிஸ்டன் ஆலை வைத்தார் என்பதை நான் அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் என் கட்சிக்கே எதிராகப் போய்விடும். ஆனால் அந்த ஆலைகளில் உலோகக் கலவையைச் சோதிக்கவும், விரிசலை மின்காந்தத்தால் கண்டுபிடிக்கவும், எண்ணெய்ப் படலத்தின் தடிமனை அளக்கவும் நம் படிப்புத்தான் வேண்டியிருக்கிறது. பருவம் முடிந்ததும் செம்பியத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புவதாக இருக்கிறேன். துறைத் தலைவரவர்கள் விரும்பினால் ஓர் ஆலைச் சுற்றுலாவுக்கும் ஏற்பாடு செய்யலாம் என்பது எங்கள் வகுப்பு மாணவர் அனைவரின் வேண்டுகோள்.

1964-இல் அனந்தராமகிருஷ்ணன் காலமானார். அறுபது வயதைக்கூட அவர் எட்டவில்லை. டிராக்டர் ஆலைக்கு நான்கு வயது. பேரிங் ஆலைக்கு மூன்று. மகன்கள் சிவசைலமும் கிருஷ்ணமூர்த்தியும் பொறுப்பேற்றனர். சிவசைலம் 2011 வரை வாழ்ந்தார். அதே 1964-இல் ஆழ்வார்குறிச்சியில், சிவசைலத்து அம்மையின் பெயரால், அக்குடும்பத்தின் ஆதரவில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி தொடங்கப்பட்டது. கடையம், பொட்டல்புதூர், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளைகள் பட்டணம் போகாமலே பட்டப்படிப்புப் படிக்க அது வழி செய்தது. எங்கள் தாத்தாவின் காலத்துக்கு அது பிந்தி வந்த கதவு. என் மாமா ஒருவர் அங்கு இடம் கிடைத்தும், வீட்டு நிலைமையால் முதல் ஆண்டோடு நின்று, இப்போது டீசல் பம்ப் மிஸ்திரியாக இருக்கிறார். இக்கட்டுரைக்காகப் பிஸ்டன் காடியின் அளவுகளை எனக்கு விளக்கிக் காட்டியவர் அவர்தாம்.